மீன் குஞ்சுகளுக்குச் சுற்றிய ஆலம்

மீன் அதிகாரி இருந்தார். ஜீப்பை விட்டு இறங்காத டிரைவர் இருந்தார். பின்னால் மீன் குஞ்சு டின்களுக்கு நடுவே உட்கார்ந்து, குஞ்சுகளுக்கு மூச்சு முட்டாமல் இருக்க வழியெல்லாம் தண்ணீரைக் கையால் அடித்துக்கொண்டே வந்த ஆள் ஒருவர். எங்கள் ஊர்ப் பெரியதனக்காரரான பெரியப்பா. அவர் தம்பி, என் நைனா. பெரியப்பாவின் மனைவி, என் பெரியம்மா. அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நான். ஏரிக்கரையில் அவ்வளவு பேர்தான்.

ஊர் வராததற்குக் காரணம் இருந்தது. எல்லை பிரிக்கிற காலம் அது. எங்கள் ஊர் சத்தியவேட்டுக்கு மேற்கே, எல்லை ஓரத்தில். ஆந்திராவிலேயே இருக்குமா, மெட்ராஸோடு போகுமா என்று ஒருவருக்கும் தெரியாது. ஏரியில் விட மீன் குஞ்சு தருகிறார்கள், ஆந்திரா ஆபீசிலிருந்து வருகிறது என்றதும் ஊரில் பேச்சு கிளம்பியது. வாங்கிக்கொண்டால் அந்தப் பக்கத்துக்குக் கைநாட்டு வைத்த மாதிரி ஆகிவிடும் என்றார்கள்.

பெரியப்பா கேட்டார்: "மீனு இன்னா தெலுங்கா, தமிழா? வளந்தா துன்னப் போறது நாம."

ஊரார் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டார்கள்.

எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக உயிருள்ள எது வந்தாலும் ஆரத்தி எடுத்து ஆலம் சுற்றாமல் உள்ளே விடமாட்டார்கள். மருமகளுக்குச் சுற்றுவார்கள். பிள்ளை பெற்று வருகிறவளுக்குச் சுற்றுவார்கள். சந்தையில் வாங்கி வந்த எருதுக்கும் உண்டு. சுற்றிவிட்டு அதன் குளம்பில் ஊற்றுவார்கள். சுற்றுகிறவள் பிள்ளை பெற்றவளாக இருக்க வேண்டும்.

பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. ஆலத் தட்டு வாசலுக்கு வரும்போது, யாரும் சொல்லாமலே அவள் பின்னால் போய் நின்றுகொள்வாள். அன்றைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. என் அம்மா தம்பியைப் பெற்றுத் தீட்டில் இருந்தாள். மற்றவர்கள் வரமாட்டேன் என்றார்கள். பெரியப்பா வீட்டுக்குள் வந்து, முகத்தைப் பார்க்காமல், "நீயே சுத்திடு" என்றார். பெரியம்மா உள்ளே போய்க் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மீனுக்கு எதற்குப் பட்டுப்புடவை என்று கேட்டேன். "சும்மா வாடி" என்றாள்.

மஞ்சளையும் சுண்ணாம்பையும் அவள் தட்டிலேயே குழைத்தாள். சிவப்பு போதவில்லை என்று சுண்ணாம்பை இன்னும் கொஞ்சம் போட்டாள். மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்தால் எப்படிச் சிவப்பாகிறது என்பது எனக்குப் பெரிய யோசனையாக இருந்தது. அதனால்தான் நாங்கள் கரைக்குப் போகப் பொழுதாகிவிட்டது.

டின்கள் சதுரமாக இருந்தன; அமெரிக்கா உதவியாக எண்ணெய் அனுப்பிய டின்கள். பக்கவாட்டில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம். யார் கை என்று தண்ணீர் அடிக்கிற ஆளைக் கேட்டேன்.

"ஒண்ணு வெள்ளக்காரன் கை. ஒண்ணு நம்ம கை."

"நம்ம கை எது?"

"கீழ நீட்டிக்கினு கீதே, அது" என்று சொல்லிச் சிரித்தார். நைனாவும் சிரித்தார். எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிந்தன.

உள்ளே எட்டிப் பார்த்தேன். விரல் நகம் அளவு குஞ்சுகள். எல்லாம் ஒரே பக்கம் திரும்பின. யார் சொல்லித் திரும்புகின்றன என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அதிகாரி அவசரப்படுத்தினார். வெயில் ஏறினால் தாங்காது என்று தெலுங்கில் சொன்னார். டின்களை ஒவ்வொன்றாக ஏரித் தண்ணீரில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். தண்ணீரும் தண்ணீரும் பழகிய பிறகுதான் குஞ்சைத் திறந்துவிட வேண்டுமாம். அதிகாரி, பெரியப்பா, நைனா, அந்த ஆள், எல்லாரும் கீழே இறங்கிப் போனார்கள். ஜீப்பின் நிழலில் ஒரு டின் மட்டும் மிச்சம் இருந்தது.

பெரியம்மா அதற்கு ஆலம் சுற்றினாள். வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். நிதானமாகச் சுற்றினாள். பிறகு தட்டோடு நின்றுவிட்டாள்.

"காலில்லாததுக்கு எங்கடி ஊத்தறது?" என்று என்னைக் கேட்டாள்.

நான் டின்னை எட்டிப் பார்த்தேன். அவள் டின்னுக்குள்ளேயே ஊற்றினாள்.

தண்ணீர் சிவந்தது. அழகாகத்தான் இருந்தது. குஞ்சுகள் மேலே வந்தன. ஆலத்தைப் பார்க்க வந்தன என்று நினைத்தேன். வந்தவை பக்கவாட்டில் படுத்தன. வயிறு வெள்ளையாகத் தெரிந்தது.

தண்ணீர் அடிக்கிற ஆள்தான் முதலில் பார்த்தார். ஓடி வந்து கையை விட்டு அடித்தார். அதிகாரியும் வந்தார்.

"ஏமம்மா, ஏம் போசினாவு?"

என்ன ஊற்றினாய் என்று கேட்கிறார். பெரியம்மா தட்டைக் காட்டினாள். தட்டில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். திட்டவில்லை. இந்த டின் போயிற்று, மற்றதை விடுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் கீழே இறங்கினார்.

நைனாதான் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். "இதுக்குத்தான் புள்ள பெத்தவளா பாத்து..."

பெரியப்பா மதகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பெரியம்மா அந்த டின்னைத் தானே தூக்கினாள். பட்டுப்புடவை நனைந்தது. ஏரியில் முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, டின்னைக் கரையோரம் சாய்த்து வைத்தாள். உள்ளே கைவிட்டு ஒரு குஞ்சை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து, கையை ஏரித் தண்ணீருக்குள் அமிழ்த்தி, அப்படியே வைத்திருந்தாள். குஞ்சு ஆடவில்லை. அதைக் கரையில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். அதுவும் ஆடவில்லை. பிறகு எடுத்த ஒன்று கொஞ்ச நேரம் படுத்திருந்துவிட்டு, வாலை அசைத்து, கையை விட்டுப் போனது.

"எண்ணுடி" என்றாள்.

"செத்ததயா?"

"போறத எண்ணு."

எண்ணினேன். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது, எண்ணுவதென்றால் எனக்கு ஆசை. ஒவ்வொன்றும் போகும்போது சத்தமாகச் சொன்னேன். மெதுவாகச் சொன்னால், "ஒரக்கச் சொல்லு" என்றாள். தள்ளி நிற்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி சொல்லச் சொன்னாள். ஜீப் கிளம்பிப் போனது. நைனா போய்விட்டார். பெரியப்பா மட்டும் கரைமேல் உட்கார்ந்திருந்தார். செத்தவை கரையில் குவிந்திருந்தன. காக்காய் வந்து இறங்கியது. பெரியம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

டின் காலியானதும், மொத்தம் எவ்வளவு என்று கேட்டாள். சொன்னேன். கரைமேல் இருந்த பெரியப்பாவைக் காட்டி, "அவருகிட்டப் போய்ச் சொல்லு" என்றாள். அவருக்கு அது காதில் விழுந்திருக்கும், எதற்கு மறுபடி என்று எனக்குப் புரியவில்லை. கரை ஏறிப் போய்ச் சொன்னேன்.

பதினேழு.