கவிழ்த்துப் போட்ட கல்

மைசூரில் எங்கள் கல்லூரி வளாகத்துக் கிறிஸ்தவச் சிற்றாலயத்தின் வரலாற்றை எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தவர் ஆலயக் கமிட்டிச் செயலாளர். அதே கல்லூரியில் என்னோடு பாடம் நடத்தியவர், என்னைப் போலவே மைசூர்த் தமிழர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் கைதேர்ந்தவர். அவரை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காரணம் என் அப்பா.

அந்த ஆலயத்தைக் கட்டிய கல்தச்சர்கள் ஆறு பேரும் கௌதள்ளி என்ற ஊர்த் தமிழர்கள். அப்பா அவர்களில் ஒருவர். வேலை முடிந்ததும் தங்கள் பெயர்களைத் தமிழில் ஒரு கல்லில் வெட்டி, வாசலை ஒட்டிய சுவரில் பதித்தார்கள். அப்பாவின் பெயர் இருக்கிற ஒரே இடம் அதுதான். கல்லறைத் தோட்டத்தில் இடம் பற்றாமல் அவர் குழியில் இப்போது வேறு யாரோ படுத்திருக்கிறார்கள். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. தன் பெயரை வெட்டத் தெரியும். கீழே கிடக்கும் காகிதத் துண்டைக்கூட எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எழுத்த மிதிக்காத கண்ணு, படிப்பு வராது" என்பார்.

எழுதி முடித்து, பெயர்களைச் சரிபார்க்கப் போனேன். முழங்கால் அறுவைக்குப் பிறகு நான் வீட்டில் கிடந்த மூன்று மாதத்தில் ஆலயத்தைப் புதுப்பித்திருந்தார்கள். கல் இருந்த இடத்தில் வழவழவென்று பூச்சு. வாசலில் நின்றபடி செயலாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பத்திரமா இருக்கு மேடம். எங்கேயும் போகல."

"எங்கே?"

"தமிழ் எழுத்து வாசல்ல இருந்தா சும்னே எதுக்கு கலாட்டான்னு கமிட்டியில பேசினோம். நல்ல கல்லு, வீணாக்க மனசு வரல. வாசப்படி உடைஞ்சிருந்தது. கவுத்துப் போட்டோம்." குனிந்து என் காலைப் பார்த்தார். "நீங்க நிக்கிறீங்களே, அதுதான்."

யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இத்தனை காலமும் கன்னடக்காரர்கள் அந்தக் கல்லைக் கடந்து போய்த்தான் ஜெபித்தார்கள், ஒருவரும் முகம் சுளித்ததில்லை. கவிழ்த்தது நம் ஆள். படியிலிருந்து காலை எடுத்துக் கீழே இறங்கினேன்.

"எடுத்து மறுபடி சுவர்ல வைங்க."

"விழா முடியட்டும் மேடம், ஆமேலே பாக்கலாம்."

ஆமேலே என்றால் பிறகு என்று அர்த்தம். அவர் வாயில் அதற்கு ஒருநாளும் இல்லை என்று அர்த்தம்.

புதுப்பித்த ஆலயத்தின் பிரதிஷ்டை விழாவில் வரலாற்றை நான்தான் வாசித்தேன். நான் எழுதிக் கொடுத்ததில் ஆறு பெயர்களையும் செயலாளர் பென்சிலால் அடித்திருந்தார். அடித்ததையும் சேர்த்தே வாசித்தேன். கடைசியில் தமிழிலும் கன்னடத்திலும் ஒன்று சொன்னேன்: "இந்த ஆறு பெயரும் வாசற்படிக்கு அடியில் கவிழ்ந்து கிடக்கின்றன. மிதித்துக்கொண்டுதான் எல்லோரும் உள்ளே வந்தோம். நான் மிதித்தது என் அப்பாவை."

ஆசீர்வாதம் முடிந்து கூட்டம் எழுந்தது. அந்த ஆலயத்துக்கு ஒரே வாசல். முதலில் போனவர்கள் படிக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். தமிழரானாலும் கன்னடரானாலும், புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கும்பிடுகிற ஜனம். யாரும் காலை வைக்கவில்லை, தாண்டவும் துணியவில்லை. பின்னால் நெரிசல். செயலாளர் வியர்த்து வழிய என்னிடம் வந்தார்.

"என்ன மேடம் இப்படிப் பண்ணிட்டீங்க? வெளியே பிரியாணி ஆறுது."

"கடப்பாரை கொண்டுவரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு முன்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.