கிணற்றில் தேறிக் கடலுக்குப் போனோம்

எழுபத்து நாலில் ஐப்பசி மழையும் ஏமாற்றியது. நரிக்குடிப் பக்கம் எங்கள் மிளகாய்ச் செடிகள் கருகவே, நானும் கூட்டாளி சேவுகனும் தூத்துக்குடிக்கு விசைப்படகு வேலைக்குக் கிளம்பினோம். ஆள் பிடிக்கும் ஏஜெண்டு, திருச்சுழிக்கு வெளியே தண்ணீர் கிடந்த ஒரு தோட்டக் கிணற்றில் எங்களைக் குதிக்கச் சொன்னார். குதித்தோம். எதிர்ச்சுவரைத் தொட்டுவிட்டுப் படியேறினோம். “பாஸுலே, போங்க” என்றார். ‘கடல் பயிற்சி பெற்றவர்’ என்று முத்திரை குத்திய சீட்டும் கொடுத்தார். அதுவரை நாங்கள் கடலைப் பார்த்ததே இல்லை.

திருச்சுழியில் காலை பஸ் ஏறி, அருப்புக்கோட்டையில் மாற வேண்டும். மொத்தம் நூறு கிலோமீட்டருக்குப் பக்கம். பந்தல்குடி தாண்டியதும் சேவுகன் கேட்டான்:

“ஏலே, கடலு எம்புட்டு ஆழம் இருக்கும்?”

“நம்ம கிணறு மாதிரி பத்து.”

“வெளையாடாதலே, நெசமாக் கேக்கேன்.”

சட்டைப் பையில் சீட்டு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் கரை மறைந்ததும் படகு டிரைவர் வேகத்தைக் குறைத்தார். “சீட்டு வச்சிருக்கியளே, ஒருத்தன் குதிங்கலே, பாப்போம்.”

சேவுகன் குதித்தான். அலை தூக்கியதும் மிரண்டான். கிணற்றில் நீந்திப் பழகியவன் மூச்சு முட்டினால் பக்கத்துச் சுவரைத்தான் தேடுவான். அங்கே சுவராகத் தெரிந்தது படகு மட்டுமே. நேராக அதன் பின்பக்கம் வந்தான். அங்கேதான் தண்ணீருக்கடியில் படகைத் தள்ளும் இரும்பு விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“தள்ளிப் போலே! காலு போயிரும்!” என்று கத்தியபடி டிரைவர் ஓடிப்போய் இஞ்சினை நிறுத்தினார். நுரை அடங்கும்வரை சேவுகனின் தலை தெரியவில்லை. கயிறு போட்டுத் தூக்கியதும் அவனுடைய இரண்டு கால்களையும் தடவிப் பார்த்தேன். இருந்தன.

“விசிறி எங்க இருக்குன்னு ஒருத்தனும் சொல்லித் தரலையாடே?” இஞ்சினை ஓடவிட்டுக் குதிக்கச் சொன்னவர் கேட்டார்.

“கிணத்துல விசிறி கெடையாது அண்ணாச்சி” என்றான் சேவுகன்.

மாட்டுவண்டி ஓட்டக்கூட ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறான். கடலுக்கு ஒரு முங்கு போதும் என்று தீர்மானித்தவர்கள் எல்லாரும் கரையில்தான் இருந்தார்கள்.

இந்த வேலைக்குப் போகிறவர்கள் படகு நகரும் முன்பே கேளுங்கள்: மிதவை எங்கே? இஞ்சினை நிறுத்துவது எப்படி? விழுந்தால் எந்தப் பக்கம் நீந்துவது? சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நாங்கள் திரும்பவில்லை; ஊரில் கஞ்சிக்கு வழியில்லை. அடுத்த வாரம் அதே கிணற்றில் தேறிய நாலு பேரை ஏஜெண்டு கொண்டுவந்து இறக்கினார். சேவுகன் அவர்களை நேராகப் படகின் பின்பக்கம் கூட்டிப் போனான்.

“ஏலே, இது கிணத்துச் சுவரு இல்ல. செத்தாலும் இந்தப் பக்கம் வந்துராதீக.”

பிறகு குனிந்து, தண்ணீருக்கடியில் விசிறி இருக்கும் இடத்தைக் காட்டினான்.