நான் காரைச் சுற்றி வந்தது வேண்டுதல் அல்ல

எனக்குக் கார் ஓட்டத் தெரியும். சேக்காட்டில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் உள்ள எல்லோருக்கும் இது தெரியும். என் வீட்டுக்காரர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

நாற்பத்து மூன்று வயதில் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் கைக்கு வந்த வாரமே அவரை இடப்பக்கம் உட்கார வைத்து, ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை ஓட்டிக்கொண்டு போனேன். இடப்பக்க சீட்டுக்கு பிரேக் கிடையாது. இருந்தும் அவர் அன்று அதை நூறு தடவையாவது மிதித்திருப்பார். மிதித்த மிதியில் கால்மிதி சுருண்டு முன்னால் போய்விட்டது. ஒரு கையால் கதவுக்கு மேலே உள்ள பிடியில் தொங்கினார். இன்னொரு கையால் எதிரே வந்த பஸ்ஸுக்கெல்லாம் நில்லு நில்லு என்று சைகை காட்டினார். திரும்பி வரும்போது டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கினவர், மின்சார ரயில் பிடித்து எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் நான் ஓட்டும் காரில் ஏறவில்லை. நான் கார் எடுத்துக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் என் வேலைக்குப் போவேன், அவர் பைக்கில் திருமழிசையில் அவர் கம்பெனிக்குப் போவார். சொந்தக்காரர்களிடம், "நான் உயிரோட இருக்கணும்னு நினைக்கிறேன், அவ்வளவுதான்" என்று சொல்லிச் சிரிப்பார். அவர்களும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் வலிக்கும். இருபது வருடம் அவர் ஓட்டிய வண்டியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து வந்தவள் நான். ஒரே ஒரு தடவை அவர் என் பக்கத்தில் பயப்படாமல் உட்கார்ந்து வர வேண்டும். அது போதும் எனக்கு.

அதனால்தான் தினமும் காலையில் வண்டியைச் சோதிக்க ஆரம்பித்தேன். என் ஓட்டுதலில் குறை சொல்லட்டும், என் வண்டியில் குறை சொல்ல விடமாட்டேன் என்று ஒரு வீம்பு. சோதிக்கும் முறையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆனாலும் மாஸ்டர்.

"யக்கா, வண்டில ஏர்றதுக்கு மின்ன ஒரு சுத்து சுத்தி வா. டயரு கீதா, லைட்டு கீதா, அடில நாய் கீய் பட்த்துகினு கீதா, அல்லாத்தையும் பாத்துகினு ஏறு."

"டயர் இருக்கான்னு கூடவா பாக்கணும்?"

"பாக்கணும்க்கா. இல்லன்னா நீ எப்டி போவே?"

அன்று அவர் சொன்னதைத்தான் இப்போது தினமும் செய்ய ஆரம்பித்தேன்.

டிரைவர் கதவில் தொடங்கி, பின்பக்கம் போய், இடப்பக்கமாக வந்து, முன்பக்கத்தில் முடிப்பேன். ஒரே சுற்றில் எல்லாவற்றையும் பார்க்க வராது எனக்கு. டயரைப் பார்த்தால் விளக்கு மறந்துவிடும், விளக்கைப் பார்த்தால் கண்ணாடி மறந்துவிடும். அதனால் மூன்று சுற்று என்று பிரித்துக்கொண்டேன். முதல் சுற்று டயருக்கு. நாலு சக்கரத்தின் முன்னாலும் குனிந்து, காற்று இருக்கிறதா, ஆணி ஏறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பேன். இரண்டாவது சுற்று விளக்குகளுக்கும் கண்ணாடிகளுக்கும். மூன்றாவது சுற்றில் வண்டிக்கு அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா, நாய் படுத்திருக்கிறதா என்று முழங்காலிட்டு, நெற்றி தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்ப்பேன். பிறகு பானெட்டைத் திறந்து, எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி, ஒரு மஞ்சள் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பேன். வைப்பர் தண்ணீர் குறைந்திருந்தால் வீட்டுச் சொம்பால் ஊற்றுவேன். கடைசியாக உள்ளே உட்கார்ந்து சீட் பெல்ட்டை இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பேன், பிரேக்கை அழுத்திப் பின்சுவரில் சிவப்பு வெளிச்சம் விழுகிறதா என்று கண்ணாடியில் பார்ப்பேன், எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் சத்தத்தைக் கேட்பேன்.

இப்போது எழுதும்போது எனக்கே புரிகிறது. அப்போது புரியவில்லை.

தரைத்தளத்தில் ஓர் அக்கா இருக்கிறார். எங்கள் குடியிருப்பு நிற்கிற இடம் ஒரு காலத்தில் அவர் குடும்பத்து நிலம். நிலத்தைக் கொடுத்துவிட்டு இரண்டு வீடு வாங்கிக்கொண்டவர்கள். வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்கு நேர் எதிரே அவர் சமையலறை ஜன்னல். ஒரு நாள் காலை, நான் இரண்டாவது சுற்றில் இருந்தபோது அவர் ஜன்னல் வழியாகத் தணிந்த குரலில் சொன்னார்:

"யம்மா, செருப்ப கயட்டி வுட்டு சுத்துமா."

கிளட்சின் பதம் காலுக்குத் தெரிய வேண்டுமென்றால் வெறுங்காலில் ஓட்டு என்று மாஸ்டரும் சொல்லியிருந்தார். அக்காவுக்கு இவ்வளவு விஷயம் தெரிந்திருக்கிறதே என்று வியந்துபோய், மறுநாளிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சுற்றினேன்.

அதன் பிறகு எல்லோரும் என்னிடம் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள். நான் சுற்றும்போது யாரும் குறுக்கே வருவதில்லை. பைக்கைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள்கூட நான் முடிக்கிற வரை நின்று, தலையை லேசாகத் தாழ்த்திவிட்டுப் போனார்கள். ஒருவராவது எதற்குச் சுற்றுகிறாய் என்று கேட்க வேண்டுமே! கேட்கவில்லை. சாலைப் பாதுகாப்பில் நம் ஜனங்களுக்கு இவ்வளவு அக்கறையா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அலுவலகத்தில் இதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசிக்கூட வைத்தேன்.

ஒரு திங்கட்கிழமை கீழே வந்தபோது, எனக்கு முன்பே ஒருவர் என் காரைச் சுற்றிக்கொண்டிருந்தார். மூன்றாவது மாடியில் இருக்கும் ஐ.டி. இளைஞர். தோளில் லேப்டாப் பை, கையில் ஷூ. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"சாரி ஆன்ட்டி. இன்னைக்கு எனக்கு அப்ரைசல்."

"அதுக்கு என் வண்டில என்னப்பா பாக்கற?"

"பாக்கலை ஆன்ட்டி. சும்மா மூணு சுத்து. உங்க வேண்டுதல் என்னன்னு நான் கேக்கலை, நீங்களும் சொல்லாதீங்க. சொன்னா பலிக்காது."

நான் அங்கேயே பின்பம்பர் மீது சாய்ந்துவிட்டேன். செருப்பு, மஞ்சள் துணி, சொம்புத் தண்ணீர், நெற்றி தரையில் பட விழுந்து எழுந்தது, கண்ணை மூடி உட்கார்ந்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தது. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்பதால்தான் நாலு மாதமாக இந்தக் குடியிருப்பில் ஒரு மனிதர் வாய் திறந்து என்னைக் கேட்கவில்லை. நான் சுற்றிய திசையும் கோயிலில் சுற்றுகிற திசையாகவே அமைந்துவிட்டது. இடமாகச் சுற்றியிருந்தால் அன்றே யாராவது தடுத்து, விஷயம் அன்றே முடிந்திருக்கும்.

உண்மையை அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் பாதியிலேயே என் வாயைப் பொத்தினார். "வோணாம்மா, சொல்லாதே. நான் கேக்க மாட்டேன்" என்றார். டயர் காற்றுக்காகச் சுற்றுகிறேன் என்று சொன்னதற்கு, வெளியே அப்படித்தான் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று கண்ணைச் சிமிட்டினார். அதற்கு மேல் என்ன செய்வது, விட்டுவிட்டேன். அந்த ஐ.டி. இளைஞருக்கு நல்ல ரேட்டிங் வேறு வந்து தொலைத்தது.

என் வீட்டுக்காரர் இதைக் கேட்டு மூன்று நாள் சிரித்தார். நான்காம் நாள், நான் சுற்றுவதைப் படம் பிடித்து குடும்ப வாட்ஸாப்பில் போடப்போவதாகச் சொல்லிக் கீழே இறங்கி வந்தார். நான் முன்னால் நடக்க நடக்க, அவர் போனை நீட்டிக்கொண்டே பின்புறமாக நடந்தார். "சாமி ஊர்வலம் புறப்பட்டாச்சு" என்று வர்ணனை வேறு. அந்த வார்த்தையோடு மழைநீர்க் கால்வாயில் வலது காலை விட்டார். மூடி போட வேண்டும் என்று குடியிருப்புக் கூட்டத்தில் ஆறு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிற கால்வாய். அந்தப் படத்தில் கடைசிப் பத்து வினாடி வானமும், "அம்மா" என்ற அலறலும் இருக்கின்றன. குடும்பக் குழுவில் அதை நான்தான் போட்டேன்.

கணுக்காலில் மாவுக்கட்டு. ஆறு வாரம் பைக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியில் ஆடிட் நேரம், லீவும் கிடையாது. நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "வேண்டாம்மா, உனக்கு எதுக்குச் சிரமம்" என்று சொல்லி வாடகைக் காருக்குப் போன் செய்தார். சிரமம் என்கிற வார்த்தைக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு நாள் எவனோ முன்பின் தெரியாதவன் ஓட்டிய காரில் போனார். அதில் சீட் பெல்ட்டைக் குத்த இடமே இல்லையாம், இடப்பக்கக் கண்ணாடியை டேப் சுற்றி ஒட்டியிருந்ததாம். அதில் ஏறுவார், என் காரில் ஏறமாட்டார். இரண்டாம் நாள் ராத்திரி சாப்பாட்டில் உப்பு போடாமல் விட்டது மறதியால் இல்லை.

மூன்றாம் நாள் காலை வாடகைக் கார்காரர் வரவில்லை. மணி எட்டாகிவிட்டது. கட்டுப் போட்ட காலோடு கேட்டருகே நின்று இரண்டு தடவை போன் போட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல், கேட்டைப் பார்த்துச் சொன்னார்.

"நீ கொஞ்சம் விட்டுடறியா?"

எட்டு மாதமாக நான் காத்திருந்த வார்த்தை அது. ஆனால் முகத்தில் காட்டவில்லை. கதவைத் திறந்து, அவரை உட்கார வைத்து, பெல்ட்டைக் குத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினேன்.

"ஐயோ, இன்னைக்கு அந்தச் சுத்தலெல்லாம் வேண்டாம். லேட்டாச்சு. எடு வண்டிய."

"சுத்தாம எடுக்க மாட்டேங்க."

"ஊரே சிரிக்குதுடி!"

"சிரிக்கட்டும். நாலு நிமிஷம்."

உள்ளிருந்து அவர் கடிகாரத்தைப் படித்துக்கொண்டிருக்க, நான் மூன்று சுற்றும் சுற்றினேன். பானெட்டை மூடிவிட்டு வந்து என் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை அழுத்தினேன். பாதி வரை போய் நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினேன். எதுவோ மெத்தென்று தடுக்கிறது. குனிந்து கையை விட்டுத் துழாவினேன். பெடலுக்கு அடியில், குங்குமம் வைத்த ஓர் எலுமிச்சம்பழம்.

நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலில் அக்கா கைகூப்பி நிற்கிறார். "அண்ணன் கால் ஒட்ஞ்சி கீதேன்னு நான்தாம்மா முன்னாடி பலகைல வெச்சேன். கோயில் எலுமிச்சம்பயம்" என்றார். நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது, திறந்திருந்த டிரைவர் கதவு வழியாக வைத்திருக்கிறார். அது உருண்டு கீழே இறங்கியிருக்கிறது. என் வீட்டுக்காரர் பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பார்க்கவில்லை.

பழத்தை அவர் கையில் கொடுத்தேன். அவர் அதையும் பெடலையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில், முன்னால் போகும் லாரி சட்டென்று நிற்கிற காட்சி அவர் கண்ணுக்குள் ஓடுகிறது என்று தெரிந்தது. என் கண்ணுக்குள்ளும் அதுதான் ஓடியது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு. நீ சுத்தாம இருந்திருந்தா, இந்தப் பழமே வண்டிக்குள்ள வந்திருக்காது."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பிரேக்கை மூன்று தடவை அடி வரை அழுத்திப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

பருத்திப்பட்டு தாண்டும் வரை அவர் இடது காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். வலது கால் கட்டுக்குள் இருந்ததால் பாதி வேகத்தில்தான் மிதிக்க முடிந்தது. ஒரு ஷேர் ஆட்டோ கை காட்டாமல் குறுக்கே திரும்பியது. நான் நிதானமாக பிரேக் போட்டு, விட்டு, எடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வேகத்தடையிலும் ஒன்றும் சொல்லவில்லை. வலியில் இருக்கிறாரோ, கோபத்தில் இருக்கிறாரோ என்று பயமாக இருந்தது. திரும்பிப் பார்க்கவும் தைரியமில்லை, சாலையிலேயே கண்ணை வைத்திருந்தேன். பூந்தமல்லி சிக்னலில் நின்றபோதுதான் பார்த்தேன்.

தூங்கிவிட்டிருந்தார். தலை ஜன்னல் கண்ணாடியில் சாய்ந்திருந்தது, வாய் திறந்திருந்தது, இடது கால் மடக்கியபடி ஓய்ந்து கிடந்தது. சன்னமாகக் குறட்டைகூட விட்டார்.

சிக்னல் பச்சையானது தெரியாமல் நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில், பின்னால் இருந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துத் திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டே சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வேறு. திருமழிசையில் அவர் கம்பெனி வாசலில் வண்டியை நிறுத்தினேன். நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் அவரை எழுப்பாமல் பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

விழித்துக்கொண்டதும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வலி மாத்திரை போட்டேன்ல, அதான் அசத்திடுச்சு" என்றார். இன்றுவரை எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.

அன்று வீட்டுக்குத் திரும்பியதும் மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன். அன்று காலைக்கான மாத்திரை பிரிக்காமல் அப்படியே இருந்தது.