துளை போடாத கைப்பிடி

2003 வெள்ளம் ரப்பர் தோட்டத்தின் கீழ்ப் பிரிவுக்குப் போகும் ஆற்றுப் பாலத்தை அடித்துக்கொண்டு போனது. நிவாரணச் சங்கம் ஒன்று, இஞ்சின் பூட்டிய சின்னப் பைபர் போட் ஒன்றைத் தோட்டத்துக்குக் கொடுத்தது. ஓட்டுவது யார் என்று கேட்டபோது ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பதினேழு வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய சுப்பம்மா கையைத் தூக்கினாள். சங்கத்தார் இரண்டு நாள் பழக்கிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து பிள்ளைகளை அக்கரைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது அவள் பாடு.

மழைக்காலத்தில் ஒரு நாள் போட்டில் ஏறிய சிறுமி வழுக்கினாள். சுப்பம்மா சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்துப் போட்டாள். செய்தி தோட்டத்துக் கிளாக்கர் சிவம் காதுக்குப் போனது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஆற்றங்கரைக்கே வந்து பார்த்தார்.

"உதில பிடிக்கிறதுக்கு ஒண்டும் இல்லைப் பிள்ளை. மாசக் கடைசியில போட்டுகளைச் சோதிக்கிற பெரியவர் பாக்க வாறார். கைப்பிடியும் லைட்டும் இல்லாட்டி போட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லுவார்."

போட் போனால் மேல் பாலத்தைச் சுற்றி ஏழு மைல் நடக்க வேண்டும். மூன்றாம் நாளே பொம்பளைப் பிள்ளைகள் நின்றுவிடும் என்பது சுப்பம்மாவுக்குத் தெரியும். அவளே அப்படித்தான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.

கணவன் காத்தமுத்து தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டருக்குக் கைவேலை செய்பவன். பழைய குழாயை வளைத்தான். போட்டின் தளத்தில் பதினாறு துளை போட்டு, நட்டு போல்ட்டால் கைப்பிடியை முடுக்கினான். முன்னால் ஒரு லைட்டும் வைத்தான். துளைகளில் தண்ணீர் இறங்காமல் இருக்க, சுப்பம்மா ரப்பர் பாலை ஊற்றிக் காயவிட்டாள். கூரை ஒழுகினாலும் வாளி ஒழுகினாலும் அந்த லயத்தில் எல்லோருக்கும் மருந்து அதுதான்.

பத்து நாளில் போட்டின் பின்பக்கம் தாழ ஆரம்பித்தது. தண்ணீருக்கு மேலே ஒரு சாண் தெரிந்த விளிம்பு நாலு விரலாகிவிட்டது.

"பிள்ளைக நல்லா திங்குதுக போல. பாரம் ஏறிப்போச்சு," என்றான் காத்தமுத்து.

"ஏங்க, சிரிக்காம வந்து இந்த போல்ட்டைக் கழட்டுங்க."

கழற்றியதும் துளையிலிருந்து தண்ணீர் கசிந்தது. ரப்பர் பால் கருப்பட்டிப் பாகாக இளகி விரலில் ஒட்டியது, பெற்றோல் நாற்றம். இஞ்சினுக்கு ஊற்றும்போதெல்லாம் சிந்தியது அங்கேதான். பெற்றோல் பட்டால் ரப்பர் நிற்காது என்று தெரிந்தவள்தான். பழகின கை யோசிக்கவில்லை.

பெரியவர் வர நாலு நாள் இருந்தது. பெல்மதுளை டவுனுக்குப் போய் ஹார்ட்வெயார் கடை அப்துல் ரஸாக்கிடம் சொன்னாள். அவர் தலையில் கை வைத்தார்.

"ரெண்டு தட்டுக்கும் நடுவுல போம் பஞ்சு தானே ஈக்கி, தங்கச்சி! போட் தாழாம ஈக்கிறதே அதாலதான். அதுலயே துளை போட்டா?"

"அப்ப துளை போடாம எப்புடிப் பூட்டுறது, ரஸாக் நானா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் கடையில குந்திக்கிட்டு ஈக்கிறேன்?"

பைபர் துணியும் பசையும் வாங்கிக்கொண்டு திரும்பினாள். காத்தமுத்து போட்டைக் கரையேற்றினான். சுப்பம்மா பின்பக்கத்து உள் தட்டை வெட்டித் திறந்து, பால்வெட்டுக் கத்தியால், வெளித் தட்டில் கீறல் படாமல், ஊறிப்போன நுரைப்பஞ்சைச் சுரண்டி எடுத்தாள். அந்தக் குழி காய ஒரு பகல் முழுக்க விசிறினாள். மூடி இறுக்கிய வெறும் பிளாஸ்டிக் சோடாப் போத்தல்களை அதில் நெருக்கி அடைத்து, மேலே பைபரைப் பூசினாள். மற்றத் துளைகளையும் அதே பசையால் அடைத்தாள். கைப்பிடிக்கு வேறு வழி கண்டாள். போட்டின் விளிம்பை உள்ளும் புறமும் இரண்டு பலாப் பலகைகள் கவ்வின. போல்ட்டெல்லாம் விளிம்புக்கு மேலே, பலகையில் மட்டும். லைட்டும் பலகையிலேயே ஏறியது.

பெரியவர் வந்தார். கைப்பிடியை உலுக்கிப் பார்த்தார், அசையவில்லை. பூசிய இடத்தைக் கண்டதும் முகம் மாறியது. "போட்டை வெட்டியிருக்கிறாய். இனி இது மிதக்கும் என்று யார் சொன்னது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நீங்களே பாருங்க மஹத்தயா," என்று அவளும் சிங்களத்திலேயே சொன்னாள்.

காத்தமுத்து இஞ்சினைக் கழற்றினான். சுப்பம்மா வாளி வாளியாக ஆற்றுத் தண்ணீரைப் போட்டுக்குள்ளேயே ஊற்றினாள். விளிம்பு வரை நிரம்பியதும் ஏறி நடுவில் உட்கார்ந்தாள். கரையில் நின்ற நாலு பெண்களைக் கூப்பிட்டாள்.

"நீச்சல் தெரியாதுடி சுப்பு!" என்றாள் ஒருத்தி.

"எனக்கு மட்டும் தெரியுமா? கைப்பிடிய புடிச்சிக்கிட்டு ஏறு."

நாலு பேரும் ஏறினார்கள். இடுப்பளவு தண்ணீரில் ஐந்து பேர். போட் ஆடியது, தாழவில்லை. பெரியவர் கால் மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு சிவத்திடம் கையை நீட்டி அனுமதித் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

"முடிஞ்சுது. இறங்கு பிள்ளை, குளிரப் போகுது," என்றார் சிவம்.

"பெரியவரு இன்னுங் கொஞ்சம் பாக்கட்டுங்க," என்றாள் சுப்பம்மா, கைப்பிடியை விடாமல்.