நெத்திலிப் பொட்டலத்தில் வந்த கதை

பிள்ளைகளே, யுத்தத்தில் ஜப்பான்காரன் நம் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில், நம் காஜா பெராங் ஊரில் ஒரு கதாசிரியர் இருந்தார். ஒட்டிய கன்னம், காதில் எப்போதும் ஒரு துண்டுப் பென்சில். புதுப் புத்தகம் எங்கேயும் கிடைக்காத நேரம் அது. எங்கள் தெருக் கடைக்காரரோ ஒரு பழைய நாவலைத் தாள் தாளாகக் கிழித்து, அதில் நெத்திலி மடித்துக் கொடுத்தார். இவர் தினமும் ஒரு பிடி வாங்குவார். பொட்டலத்தைப் பிரித்துப் படித்துக்கொண்டே நடப்பார். வீடு சேர்வதற்குள் நெத்திலியைப் பூனைகள் முடித்துவிடும். மற்றவர்கள் வாங்கிய தாள்களையும் வீடு வீடாகப் போய்க் கேட்பார்.

கடைசித் தாள் எனக்கு வந்தது. மனிதர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"தம்பி, அந்தப் பொண்ணு ஆத்துல விழுந்துட்டா! தாளைக் குடுங்க!"

"அதை வெச்சுத்தானே அடுப்பு மூட்டினேன்," என்றாள் உங்கள் அம்மா.

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் படிச்சேன் ஐயா. பொண்ணு பிழைச்சுட்டா," என்று புளுகினேன்.

"யார் காப்பாத்தினா?"

"ஒரு... நெத்திலி வியாபாரி."

"கதை முழுக்க இல்லாத வியாபாரி கடைசியில எங்கிருந்து வந்தான்? இதை எழுதினவன் ஒரு மடையன்!" என்று என் முகத்துக்கு நேரே கத்தினார்.

மறுநாள் பொட்டலத் தாள்களின் ஓரங்களில் தானே முடிவு எழுதி வந்து, எங்களுக்கு வாசித்தார். அந்தப் பெண் தானாகவே நீந்திக் கரையேறினாள். உங்கள் அம்மா கைதட்டினாள்.

அவர் முடிவுதான் நல்ல முடிவு. ஆனாலும் என் வியாபாரியை அவர் அந்த அளவுக்குத் திட்டியிருக்க வேண்டாம்.