மோடம் போட்ட ராங் நம்பர்

பேய், ஜின் என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். கம்ப்யூட்டரோடு காலம் தள்ளியவன், எதுவானாலும் ஒயர் எங்கே விட்டிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். இதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எண்பதுகளின் கடைசி. குற்றாலத்தில் ஒரு எஸ்டேட் கம்பெனி ஆபீசில் எனக்கு வேலை, அங்கே இருந்ததோ ஒரே ஒரு டெலிபோன் லைன். மெட்ராஸ் ஹெட் ஆபீஸ் கம்ப்யூட்டரோடு எங்கள் கம்ப்யூட்டர் போன் வழியாகப் பேச வேண்டுமாம், அதற்காக மோடம் என்று ஒரு பெட்டியை அனுப்பியிருந்தார்கள். அது தானாக டயல் செய்யவும், லைன் கிடைக்காவிட்டால் தானாக மறுபடி டயல் செய்யவும் கட்டளை எழுதிவைப்பது என் பொறுப்பு. சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று மேனேஜர் தலைமேல் நின்றார்.

என் மனைவி ஜொகரா அப்போது நிறைமாதம். காலையில் என் மாமியாரோடு தென்காசி ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போயிருந்தாள். "ஏதாவதுன்னா ஆபீசுக்குப் போன் பண்ணுங்க மாமி" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அந்த லைனைத்தான் இப்போது மோடம் பிடித்துக்கொண்டிருந்தது, வேலை மும்முரத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை.

வெளியூருக்கு முதலில் சைபர் சுற்றி, வேறு டோன் வருகிறவரை பொறுக்க வேண்டும். கையால் சுற்றினால் நாமே பொறுப்போம், மோடத்துக்கு என்ன தெரியும், கட்டளையில் ஒரு கமா போட்டால்தான் நின்று டயல் செய்யும். நான் கமா போட மறந்துவிட்டேன். அது மூச்சுவிடாமல் எண்களைக் கொட்டி, மெட்ராஸுக்குப் போகாமல் எங்கேயோ போய் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். மோடம் கிரீச்சென்று கத்தியது. அதன் ஸ்பீக்கரில் ஒரு இளம்பெண்ணின் குரல்.

"வாப்பா, என்ன இது, ஒரே கிரீச்சுன்னு கேக்குது?"

துபாயில் இருக்கும் யாரோ ஒருவரின் மகள், தகப்பன்தான் கூப்பிடுகிறார் என்று ஓடிவந்து எடுத்திருக்கிறாள், பாவம் என்று நினைத்தேன். மோடத்தில் நாம் கேட்கலாம், திருப்பிப் பேச முடியாது. அதற்குள் அந்தக் குரல் அதட்டியது.

"வாப்பா, லைனை விடுங்க. உம்மா கூப்பிடுதாவ."

மேனேஜருக்கும் கேட்டது. "என்னவே காதரு, ஒம்ம மவளா?" என்று சிரித்தார். அன்றுவரை நான் யாருக்கும் வாப்பா இல்லை. ஆனால், நம்பினால் நம்புங்கள், என் கை தானாகப் போய் மோடத்து ஒயரைப் பிடுங்கிவிட்டது.

ஒயரை டெலிபோனில் சொருகியதுதான் தாமதம், மணி அடித்தது. மாமியார்.

"எவ்வளவு நேரமா போன் போடுதேன், எங்கேஜுன்னே வருது. பிள்ள கழுத்துல கொடி சுத்திக் கெடக்காம். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடணும், ஓடி வாங்க மாப்ள."

மேனேஜர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஜீப்பை எடுத்தார். சாரலில் நனைந்துகொண்டே போய்க் கையெழுத்துப் போட்டேன். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பிள்ளை பிழைத்திருக்காது என்று டாக்டரம்மா சொன்னார். பெண் குழந்தை. சபியா என்று பெயர் வைத்தோம்.

அது ராங் நம்பர்தான், தற்செயல்தான் என்று ரொம்ப காலம் நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஜொகரா ஆலங்குளத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் தென்காசியில் வீட்டில் உட்கார்ந்து, கோயம்புத்தூரில் இருக்கும் சபியாவோடு செல்போனில் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு நடுவில் அவள் சொன்னாள், "வாப்பா, என்ன இது, ஒரே கிரீச்சுன்னு கேக்குது?"

என் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஃபேன்கூட ஓடவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அவள் அதட்டினாள்.

"வாப்பா, லைனை விடுங்க. உம்மா கூப்பிடுதாவ."

போன் என் கையிலிருந்து விழுந்துவிட்டது. ஜொகரா சும்மாதான் சபியாவின் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறாள், அவள் மகன், எங்கள் பேரன், சாப்பிட்டானா என்று கேட்க. சபியா மறுபடி என்னை அழைத்து, அது என்ன சத்தம் வாப்பா என்று கேட்டாள். அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும், அன்றைக்குக் குற்றாலத்தில் என் மோடம் கத்திய கத்தல். அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.