எத்தனை பேர் எட்டிப் பார்த்தாவ?

அடுத்தவருடைய வெப்சைட்டுக்கு யார் வந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்று எண்ணிச் சொல்வது எங்கள் தொழில். எண்ணுவது சர்வர், திட்டு வாங்குவது நான். வாடிக்கையாளர் போனை எடுத்தே வயிறு வளர்க்கும் என் இனத்தாரே, உங்கள் காதும் என் காதைப் போலத்தான் புண்ணாகியிருக்கும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் சேவையின் பெயர் 'எட்டிப்பார்'. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்த பொன்செல்வி அக்கா தென்காசியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் உட்கார்ந்து தனியாளாக உருவாக்கியது. போன் எடுக்க ராயகிரியிலிருந்து நான் வந்தேன். குற்றாலம் லாட்ஜ்காரர்கள் சங்கம் எங்களுக்கு ஒரே ஒரு சீசன் தந்திருந்தது. சீசன் முடிகிற சமயத்தில் கூட்டம் போட்டு, எங்களை வைத்துக்கொள்வதா கழற்றிவிடுவதா என்று முடிவு செய்வார்கள். கழற்றிவிட்டால் அக்கா பெங்களூருக்குத் திரும்ப வேண்டியதுதான். நான் எங்கே திரும்புவது என்று யாரும் கேட்கவில்லை.

திறப்பு விழா

நல்ல நாள் எது என்று கேட்டால் மற்ற ஊரில் காலண்டரைப் பார்ப்பார்கள். குற்றாலத்தில் மலையைப் பார்ப்பார்கள். சாரல் விழுகிற முதல் நாளில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எல்லா லாட்ஜ்காரர்களும் ஒரே பிடியாக நின்றார்கள். சாரல் விழுந்தது. அருவியில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க ஊர் உலகமெல்லாம் ஒரே நேரத்தில் அவர்களுடைய வெப்சைட்டுகளைத் திறந்தது. காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் எங்கள் சர்வர் படுத்திருந்தது. யாருடைய திரையிலும் ஒரு எண் கூட இல்லை.

முதல் போன் சுடலைமுத்து அண்ணாச்சியிடமிருந்து. ஐந்தருவி போகிற வழியில் லாட்ஜ் வைத்திருக்கிறார். எங்களுடைய முதல் வாடிக்கையாளரும் அவர்தான். குரலை உயர்த்தவே இல்லை. "சீசனுக்கு எத்தனையோ பேரு இங்கன புதுசா கடை போடுதாவ தம்பி. மொத நாளே பூட்டுன கடை ஒங்க கடை ஒண்ணுதான்."

ஆலங்குளத்து அலை

சர்வர் எழுந்தது, ஆனால் எழுந்த வேகத்தில் புத்தி பேதலித்துவிட்டது. அண்ணாச்சியின் வெப்சைட்டுக்கு ஆலங்குளத்திலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருவதாகச் சொன்னது. அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டு பக்கம் 'ஆலங்குளம் மக்களை அன்புடன் வரவேற்கிறோம்' என்று பெரிய பிளெக்ஸ் வைத்துவிட்டார். லாட்ஜுக்கு ஒரு ஆள் கூட வரவில்லை. என்ன ஏது என்று பார்த்து வர அக்கா என்னை அனுப்பினாள்.

பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு டீக்கடை. சுவரில் டிவி. டிவியில் அண்ணாச்சியின் வெப்சைட்டில் வருகிற நேரலை அருவிப் படம். அந்தப் பக்கம் நிமிஷத்துக்கு ஒரு தடவை தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் நாங்கள் அதைப் புது ஆளாக எண்ணியிருக்கிறோம். ஆக, அந்த ஆலங்குளத்து ஜனத்திரள் மொத்தமும் ஒரே ஒரு டிவி. அண்ணாச்சிக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். மனுஷன் பஸ் ஏறி வந்து, டிவியை ஏற இறங்கப் பார்த்து, டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இந்தப் பெருந்தன்மைக்கு எதைக் கொடுத்து ஈடு கட்டுவது? டீக்கடைக்காரர்தான் அவரைத் தேற்றினார்: "வருத்தப்படாதிய அண்ணாச்சி. படத்துல தண்ணி விழுந்தா சனம் ஒங்க ஊருக்குப் பஸ் ஏறுது, விழலன்னா இங்கனயே உக்காந்து இன்னொரு டீ குடிக்குது. ரெண்டு பேரு பொழப்பும் ஓடுதுல்லா."

ஜம்முப் புள்ளி

இந்தக் குழப்பத்தைச் சரி செய்யப் போனபோது பெரிய குழப்பம் வந்தது. தொடர்ந்து சில நாட்கள் வந்தவர்களின் விவரம் எதுவுமே பதிவாகவில்லை. தாமதம் இல்லை, போயே போய்விட்டது. போன் ஓயவில்லை. அதில் ஒன்று கோமதி அக்காவுடையது. குற்றாலத்தில் ஏத்தங்காய் சிப்ஸ் கடை வைத்திருக்கிறார், வாசுதேவநல்லூர்க்காரர். "மத்த ஊரெல்லாம் கெடக்கட்டும் தம்பி, ஜம்மு இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார். ஜம்முவில் யார் சிப்ஸ் வாங்குகிறார்கள் என்று கேட்டேன்.

யாரும் வாங்கவில்லை. அவருடைய தம்பி அங்கே ராணுவத்தில் இருக்கிறான். அக்கா தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவன் பேசுவதில்லை. போன் செய்தால் எடுப்பதும் இல்லை. எங்கள் நிரலை வெப்சைட்டில் சேர்த்த பிறகுதான், வந்தவர்களின் ஊரைக் காட்டும் வரைபடத்தில் தினமும் காலையில் ஜம்முவில் ஒரு புள்ளி விழுவதை அவர் பார்த்திருக்கிறார். கோமதி அக்கா அடுப்பு முன்னால் நின்று சிரிக்கிற போட்டோ இருக்கிற பக்கத்தை மட்டும் திறந்து பார்த்துவிட்டுப் போகிற புள்ளி. இப்போது சில நாட்களாக வரைபடமே காலி. எல்லையில் என்னவோ ஏதோ என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. போனை வைக்கும் முன் சொன்னார்: "அவன் பேச வேண்டாம் தம்பி. எட்டிப் பாத்துட்டுப் போனா எனக்குப் போதும்."

காலி இடம்

நேராகப் பொன்செல்வி அக்காவிடம் போனேன். முந்தைய நாட்களின் சராசரியைப் போட்டு நிரப்பிவிடலாம், ஜம்முவிலும் ஒரு புள்ளி வைத்துவிடலாம், யாருக்கு என்ன நஷ்டம் என்றேன். லாட்ஜ்காரர்கள் கூட்டமும் நெருங்கிக்கொண்டிருந்தது. பொன்செல்வி அக்கா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. பிறகு எல்லா வாடிக்கையாளர் திரையிலும் தெரிகிற மாதிரி அவளே இப்படி எழுதினாள்: 'இந்த நாட்களில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. தவறு எங்களுடையது.'

அத்தோடு நிற்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்கே போய், காணாமல் போனது தம்பி இல்லை, எங்கள் கணக்குதான் என்று கோமதி அக்காவிடம் நேரில் சொல்லிவிட்டு வந்தாள். இப்படி ஒரு முதலாளியிடம் வேலை பார்ப்பது பெருமைதான். ஆனால் பிழைப்பு என்னாவது என்று முனகினேன். அவள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அவன் பாக்காத நாள்ல நாம புள்ளி வச்சிட்டோம்னா, நாளைக்கு அவன் நெசமாவே பாக்கையில அந்த அக்கா எப்படிலே நம்புவா?"

சங்கக் கூட்டம்

கூட்டத்தில் நானும் அக்காவும் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பழைய குற்றாலம் பக்கத்து லாட்ஜ்காரர் ஒருவர் எழுந்து, "தெரியாதுன்னு எழுதிப் போடுத கம்பெனிய இப்பத்தான் பாக்கேன், இதுக்கு எதுக்கு ஒரு கம்பெனி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ராயகிரி பஸ் கண்ணில் தெரிந்தது.

சுடலைமுத்து அண்ணாச்சி எழுந்தார். அன்றைக்கு மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. குளிக்கத் தடை போட்டு, குறுக்கே கயிறு கட்டி ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். லாட்ஜில் ரூம் போட்டவர்கள் எல்லோரும் தலையைத் துவட்ட வேலையில்லாமல் துண்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி சன்னல் பக்கம் கையைக் காட்டினார். "தடை போட்டா நம்ம யாவாரம்தான் படுக்கு, அந்தப் போலீஸ்காரரத் திட்டாத நாளு உண்டா? ஆனா ஆபத்துன்னா அவரு கயித்தக் கட்டிருவாருன்னு நம்பித்தானவே சனம் பிள்ளையளக் கூட்டிட்டு இந்த ஊருக்கு வருது. இந்தப் பிள்ளையும் கயித்தக் கட்டுது, இருந்துட்டுப் போட்டும்."

இருந்துவிட்டோம், அன்று இரவே அக்கா பதிவையும் சரி செய்துவிட்டாள், மறுநாள் காலை ஜம்முவில் புள்ளி விழுந்ததா என்று வேலைக்கு வந்ததும் முதலில் எட்டிப் பார்த்தேன், விழுந்திருந்தது, ஆக எண்ணிச் சொல்ல வந்த எங்களுக்கு இந்த ஊரில் பேர் வாங்கித் தந்தது எண்ணாமல் கோட்டை விட்ட அந்தச் சில நாட்கள்தான்.